லலிதா மாமியின் பெயரில் வந்த எஸ்தர் அக்காவின் கார்டிகன்

என் எஸ்தர் அக்காவுக்கு,

அக்கா என்று ஆரம்பித்ததைப் பார்த்தால் நீ சிரித்திருப்பாய். இருபத்திரண்டு வருஷம் ஒரே ரயிலில், லேடீஸ் பெட்டியில், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனோம். நீ என்னைவிட மூன்று வயது மூத்தவள். ஆனாலும் நான் உன்னை "எஸ்தர், எஸ்தர்" என்று பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன். நீதான் என்னை "வாங்க விசாலம், இங்கன உக்காருங்க" என்பாய். நீ தாராவியிலிருந்து நடந்து வந்து சயானில் ஏறுகிறவள், நான் அடுத்த ஸ்டேஷன் மாட்டுங்காவில் ஏறுகிறவள். யார் யாரை எப்படிக் கூப்பிடுவது என்று அதிலேயே முடிவாகிவிட்டது. இனிமேல் அக்கா என்றுதான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்.

நீ கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்தை இடித்துக் கட்டப் போகிறார்கள் என்று நான் செம்பூரில் மகன் வீட்டுக்கு வந்துவிட்டேன். சயான் பாலத்தையும் இடித்துவிட்டார்கள். உங்கள் சந்திலும் இடிப்பதற்குக் கணக்கெடுத்துக் கதவுக்குக் கதவு எண் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்களாம். லோக்கலில் ஏசி வந்துவிட்டது. பம்பாய் வெயிலில் ஸ்வெட்டர் பின்னுகிற பைத்தியங்கள் என்று என் வீட்டுக்காரர் நம்மைக் கேலி செய்வாரே, அவர் இருந்தால் அந்தப் பெட்டியில் அரைமணி நேரம் உட்கார வைத்திருப்பேன்.

ஊர்ச் சேதி போதும். நான் நலம் விசாரிக்க எழுதவில்லை. எனக்குக் கோபம் வந்திருக்கிறது, அக்கா. மூன்று வாரமாக ரத்தக்கொதிப்பு மாத்திரை போட்டும் இறங்காத கோபம். முதல் கோபம் லலிதா மாமி மேல். இரண்டாவது, பேரைச் சரிபார்க்காமல் அச்சடித்த அந்தப் பத்திரிகை மேல். மூன்றாவது உன் மேல், ஏன் வாயைத் திறக்கவில்லை என்று. நாலாவது ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் இந்தக் கடிதம், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நம் பின்னல் மன்றத்துக்கு இது பொன்விழா வருஷம். மாட்டுங்கா ஹாலில் சனிக்கிழமை மத்தியானம் கூடுவோமே, அதே மன்றம்தான். இப்போது பத்துப் பன்னிரண்டு பேர்தான் வருகிறார்கள், அதிலும் பாதிப் பேர் பின்னுவதில்லை, அரட்டைதான். ஆனாலும் விழா, மலர், கண்காட்சி எல்லாம் உண்டு. இப்போதைய செயலாளர் ஒருநாள் காலையில் போன் செய்தாள்.

"விசாலம் மாமி, நீங்கதான் கம்ப்யூட்டர்லாம் பார்ப்பேளே. நம்ம லலிதா மாமியோட கார்டிகன் பத்திரிகையில வந்துதே, அந்தப் பக்கத்தை எங்கேயாவது தேடிப் பிடிச்சுக் குடுங்கோ. மலர்ல முழுப் பக்கம் போடறோம். அதையே நீங்க ஒண்ணு பின்னிக் குடுத்தேள்னா கண்காட்சியில நடு மேஜையில வெச்சுடலாம்."

லலிதா மாமியை உனக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மன்றத்தை இருபது வருஷம் ஆட்டிப் படைத்தவள். எந்த நிறத்தில் எந்தக் குழந்தைக்குக் குல்லாய் என்பதுகூட அவள் சொன்னபடிதான். அவளும் காலமாகி ஏழெட்டு வருஷம் இருக்கும். உன்னை அந்த மன்றத்துக்கு அழைத்துக்கொண்டு போனது நான்தான். முதல் நாளே நீ ஊசியை எடுத்ததும் அவள் சொன்னாள்: "இடது கையால போடற ஸ்வெட்டர் விளங்குமாடி?" எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சேர்ந்து சிரித்தாய்.

பிறகு அந்தக் கண்காட்சி. நாற்பது வருஷம் இருக்குமா? நீ நீலநிறத்தில் ஒரு கார்டிகன் பின்னி எடுத்து வந்தாய். முன்பக்கம் முழுக்க இரண்டு இரண்டு கோடாகப் பிரிந்து, சேர்ந்து, மறுபடி பிரிந்து போகிற டிசைன். மேஜையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. அப்போது லலிதா மாமி உள்ளேயிருந்து ஒரு ஆங்கிலப் பத்திரிகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். "இது நான் அனுப்பிச்ச டிசைன். பேர் போட்டு வந்திருக்கு பாருங்கோ. பார்த்துக் காப்பியடிச்சதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்றாள். அட்டையில் அதே கார்டிகன் போட்ட ஒரு பெண்ணை வரைந்திருந்தார்கள். பத்திரிகையை யார் கையிலும் அவள் தரவில்லை, தூரத்திலிருந்தே காட்டிவிட்டு மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டாள்.

நீ யாரையும் பார்க்காமல் என்னைப் பார்த்தாய். உன் பெண் ஷீலா, ஒன்பது வயது, உன் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு உன் காதருகே வந்து, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "எஸ்தர், பார்த்துப் போட்டேன்னு ஒத்துக்கோயேன். இதுல என்ன இருக்கு? நாமெல்லாரும் புஸ்தகம் பார்த்துத்தானே போடறோம்."

நீ கார்டிகனை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாய். மன்றத்துக்கு மறுபடி வரவே இல்லை. ஆனால் திங்கட்கிழமை காலை எட்டு இருபத்தைந்து வண்டியில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாய். அதைப் பற்றி நாம் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சரி, மறந்துவிட்டாள் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

அப்படிப்பட்ட நான், லலிதா மாமியின் பக்கத்தைத் தேட உட்கார்ந்தேன். பழைய பத்திரிகைகளையெல்லாம் யார் யாரோ புண்ணியவான்கள் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். எல்லாம் இலவசம், அக்கா! "நிட்டிங்" என்று தட்டினேன், ஆயிரக்கணக்கில் வந்து விழுந்தது. சண்டைக்குப் போன சிப்பாய்களுக்குக் காலுறை, பூனைக்குட்டிக்குக் கம்பளிப் போர்வை, நீச்சலுக்கு உல்லனில் ஒரு உடை (நனைந்தால் என்ன கதி ஆகும் என்று அதைப் போட்டவளைத்தான் கேட்கவேண்டும்). நாலு நாள் நான் சாப்பிட்டேனா என்று எனக்கே தெரியவில்லை. மருமகள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அத்தை, ஆபீஸ் போற மாதிரி உக்காந்திருக்கேள்" என்றாள்.

சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தது. அப்புறம் வயிறு எரிந்தது. ஒரு பத்திரிகைக்கு நாம் எப்படி அலைந்தோம்! சர்க்குலேட்டிங் லைப்ரரிக்காரர் பின்னல் பத்திரிகையை மட்டும் வீட்டுக்குத் தரமாட்டார், பெண்கள் டிசைன் பக்கத்தைக் கத்தரித்துக்கொள்கிறார்கள் என்று. கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய புத்தகக் கடையில் ஒன்று கிடைத்தால் இருபது பேர் கை மாறும். நீ மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உன் அச்சாபீஸ் பைண்டிங் மேஜையில் வைத்துக் கையால் எழுதி எடுத்துக்கொண்டு மறுநாள் திருப்பித் தருவாய். அன்றைக்கு இதெல்லாம் இப்படித் திறந்து கிடந்திருந்தால் ஒருத்தி தூரத்தில் நின்று அட்டையைக் காட்டிவிட்டுப் பைக்குள் மறைத்திருக்க முடியுமா? நாமே பிரித்துப் பார்த்திருக்க மாட்டோமா?

நம் பத்திரிகை ஐந்தாம் நாள் கிடைத்தது. பம்பாயிலிருந்தே வந்து நின்றுபோன மகளிர் மாதப் பத்திரிகை. பேர் எழுதமாட்டேன், அதை நடத்தியவர்களும் இன்றைக்கு இல்லை. அந்த நவம்பர் இதழை ஆசையாகத் திறந்தால், டிசைன் இருக்கவேண்டிய பக்கத்தில் சதுரமாக ஓட்டை. எந்த மகராசியோ கத்தரிக்கோல் போட்டிருக்கிறாள், அதையும் அப்படியே படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். லைப்ரரிக்காரர் சொன்னது சரிதான். இன்னும் இரண்டு நாள் தேடி, வேறு ஏதோ தேசத்து நூலகத்தின் முத்திரை குத்திய இன்னொரு பிரதி அகப்பட்டது. அது முழுசாக இருந்தது. "வசந்தத் தோட்டம்" என்று டிசைனுக்குப் பெயர். கீழே "வடிவமைப்பு: திருமதி லலிதா, மாட்டுங்கா, பம்பாய்."

பக்கத்தை அச்சடித்துக்கொண்டு, நீலநிற உல்லன் வாங்கிப் பின்ன ஆரம்பித்தேன். முதுகுப்பக்கம் சமர்த்தாக வந்தது. அடுத்து "வலது முன்பக்கம், காஜாக்களுடன்" என்று போட்டிருந்தது. பெண்கள் கார்டிகனுக்குப் பொத்தான் மாட்டுகிற காஜா வலது பக்கம்தானே. வரிக்கு வரி படித்துப் பின்னினேன், இத்தனை கண்ணி சீதா, இத்தனை கண்ணி உல்டா என்று எண்ணி எண்ணி. பதினைந்து நாள் வேலை. முடித்துத் தோளில் வைத்துப் பார்த்தால் அது இடது முன்பக்கம். காஜா ஆண்பிள்ளைச் சட்டை மாதிரி இடது பக்கம் விழுந்திருக்கிறது!

கண் போய்விட்டது என்று நினைத்தேன். முழுவதையும் அவிழ்த்து மறுபடி போட்டேன். மறுபடியும் அதேதான். அம்பத்தைந்து வருஷம் பின்னுகிறவளுக்கு வலது இடது தெரியாமலா போகும்? அப்படியானால் பத்திரிகையில் தப்பு. தப்பு இருந்தால் அடுத்த இதழ்களில் ஒப்புக்கொண்டிருப்பார்களே என்று அதையும் தேடினேன். ஜனவரி இதழில் ஒரு மூலையில் பொடி எழுத்தில் இருந்தது. "வசந்தத் தோட்டம் கார்டிகனில் காஜாக்கள் மாறி விழுவதாகப் பல வாசகியர் எழுதியுள்ளனர். இது அச்சுப் பிழை என்று வடிவமைப்பாளர் திருமதி லலிதா தெரிவிக்கிறார்."

அச்சுப் பிழையாம்! அச்சுப் பிழை என்றால் ஒரு எண் மாறும், ஒரு வரி விட்டுப்போகும். ஒரு கார்டிகன் முழுவதும், கழுத்து, கைக்குழி, ஓரம், காஜா எல்லாம் ஒன்று விடாமல் கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்புமா? உலகத்தில் அச்சுக் கோக்கிற எந்தக் கம்பாஸிட்டருக்கு அவ்வளவு பின்னல் தெரியும்? எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். அவள் தன் டிசைனை ஒருமுறை பின்னிப் பார்த்திருந்தால் முதல் காஜாவிலேயே தெரிந்திருக்கும். அவள் பின்னியே பார்க்கவில்லை.

அந்த நிமிஷம் எனக்கு உன் கை ஞாபகம் வந்தது, அக்கா.

ஊசியை மாற்றிப் பிடித்தேன். நீ பிடிக்கிற மாதிரி, இடது கையால் போடுகிற மாதிரி. எழுபது வயதில் அது லேசில் வருகிறதா? விரல் மரத்துப்போய், கண்ணி நழுவி, பொறுமை போய் ஊசியை ஒருதடவை தூக்கியும் எறிந்தேன். ஆனால் முப்பது வரி அப்படிப் போட்டுப் பார்த்துவிட்டேன். பத்திரிகையில் இருக்கிறபடியே, ஒரு எழுத்தும் மாற்றாமல். காஜா வலது பக்கம் அழகாக வந்து உட்கார்ந்தது. இடது கைக்காரி ஒருத்தி, தான் போடப் போட வரிக்கு வரி எழுதி வைத்ததுதான் அந்தப் பக்கம். விளங்குமா என்று கேட்டாளே, அந்தக் கையின் வேலையைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறாள். கையைப் பார்த்து முகம் சுளித்தவளுக்கு அது போட்டதைத் தூக்கிக்கொண்டு போக மட்டும் கூசவில்லை.

அடுத்த நாளே ஹாலுக்குப் போனேன். செயலாளரிடம் இரண்டு துண்டையும் மேஜையில் வைத்துக் காட்டினேன். வலது கையால் போட்டது, இடது கையால் போட்டது, பத்திரிகைப் பக்கம், ஜனவரி மூலை, எல்லாம். அவள் பொறுமையாகத்தான் கேட்டாள்.

"எஸ்தரா? யாரு, அந்தத் தாராவியிலேர்ந்து வந்துண்டிருந்த பொண்ணா?"

"பொண்ணு இல்லை. எனக்கு அக்கா வயசு."

"சரி மாமி. இருந்தாலும் ஒரு காஜாவுக்காகப் போனவாளைப் பத்தி இப்போ எதுக்கு? மாமி மன்றத்துக்கு எவ்வளவு செஞ்சிருக்கா."

"எஸ்தரும்தான் போயிட்டா. அவளும் போனவாதானே? அவளைப் பத்தி நாற்பது வருஷம் பேசினேளே!"

அவள் பத்திரிகைப் பக்கத்தை மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "வேணும்னா பேரே போடாம டிசைனை மட்டும் போட்டுடலாமா?" என்றாள். எப்படி இருக்கிறது பார். பொய் பேர் போடலாம், இல்லையென்றால் பேரே போடாமல் விடலாம், உன் பேரை மட்டும் போடக்கூடாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இத்தனை வழி. நான் பக்கத்தைத் தரமாட்டேன் என்று சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது, அது இணையத்தில் எல்லாருக்கும் இலவசமாயிற்றே. நாலே நாளில் அவர்களே எடுத்துவிட்டார்கள். மலரின் மாதிரிப் பிரதி எனக்கும் வந்தது. லலிதா மாமி பட்டுப்புடவையில், பக்கத்தில் உன் கார்டிகன்.

சரி, உன் கையெழுத்து நோட்டு கிடைத்தால் வாயை அடைத்துவிடலாம் என்று ஷீலாவைத் தேடிப் போனேன். அவள் கோபர்கைரனேயில் இருக்கிறாள், பள்ளிக்கூட ஆபீஸில் வேலை. உன் அடக்கத்துக்கு வந்த பிறகு நான் அவளைப் பார்க்கவே இல்லை, அதுவும் என் லட்சணம்தான். வாஷியில் வண்டி மாறிப் போய்ச் சேர்ந்தேன். காதோரம் நரைத்துவிட்டது அவளுக்கு. சிரிப்பு அச்சு அசல் உன்னுடையது.

துண்டுகளை விரித்து முதலிலிருந்து சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"ஆன்ட்டி, அந்த நோட்டு வெள்ளத்துல போயிடுச்சு, அந்தப் பெரிய மழையில. அம்மா அதுல தமிழ்ல எழுதி வெச்சிருந்தா. 'ரயில் பாதை'ன்னு பேரு. அந்த மாமிதான் இங்லீஷ்ல எழுதித் தரேன், பத்திரிகைக்கு அனுப்பலாம்னு வாங்கிட்டுப் போனா. ரெண்டு மாசம் கழிச்சுத் திருப்பிக் குடுத்தா."

உன் நோட்டு தண்ணீரில் போய்விட்டது. அவள் திருடியது மட்டும் எங்கேயோ ஒரு தேசத்து நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. இந்த நியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

ரயில் பாதை! பரேல் தாண்டியதும் தண்டவாளங்கள் பிரிந்து, சேர்ந்து, பிரிந்து போகுமே. அந்த இடம் வந்தால் நீ ஊசியை நிறுத்திவிட்டு வெளியே பார்ப்பாய். பிறகு நாலு வரி அவிழ்ப்பாய், மறுபடி போடுவாய். ஏன் அவிழ்க்கிறாய் என்று கேட்டால் "சரியா சேரல்ல விசாலம்" என்பாய். எத்தனை மாதம் அப்படி! நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். உன் மடியில் புத்தகமும் இல்லை, ஒரு காகிதமும் இல்லை. ஆனாலும் எங்கேயோ பார்த்துத்தான் போடுகிறாள் என்று நினைத்தேன். நான் பார்த்துத்தானே போடுவேன்? எனக்கு வராதது தாராவியிலிருந்து வருகிறவளுக்கு வரும் என்று என் புத்திக்கு எட்டவே இல்லை. இதுதான் அந்த நாலாவது கோபம், அக்கா. என் மேல் எனக்கு.

ஷீலாவிடம், "உங்கம்மா ஏண்டி ஒரு வார்த்தை சொல்லலை?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"என்கிட்ட சொன்னா ஆன்ட்டி. அன்னிக்கு வீட்டுக்கு நடந்து வரும்போதே நான் கேட்டேன், நீ காப்பி அடிச்சியாம்மான்னு. 'இல்லட்டி, விசாலத்துக்குத் தெரியும், அவங்க பக்கத்துல இருந்துதான போட்டேன், சொல்லுவாங்க பாரு'ன்னா. டெய்லி ஆபீஸ்லேர்ந்து வந்ததும் கேப்பேன், ஆன்ட்டி சொன்னாங்களான்னு. மூணு மாசம் கேட்டேன்."

ஷீலா துண்டுகளை என் பக்கம் தள்ளினாள்.

"அப்புறம் கேக்கறத விட்டுட்டேன். அம்மா ஜூட் போல்றா, பொய் சொல்றான்னு நினைச்சேன். நீங்க அம்மாவோட ஃப்ரெண்ட், நீங்களே ஒத்துக்கோன்னு சொன்னீங்க. ஃப்ரெண்டே சொன்னா சச் தானே, நிஜம்தானே? அதுக்கப்புறம் அம்மா போட்ட ஸ்வெட்டர் எதையும் நான் தொடல. ஸ்கூல் பிக்னிக்குக்குக்கூட. கடைசி வரைக்கும் தொடல ஆன்ட்டி."

மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் நான் ஏறியதும் நீ என் முகத்தைப் பார்ப்பாய். எனக்கு இப்போது நன்றாக ஞாபகம் வருகிறது. நான் மானேஜரைப் பற்றிப் பேசினேன், பால் திரிந்ததைப் பற்றிப் பேசினேன், கடைசி ஸ்டேஷன் வி.டி. வரும்வரை ஏதோ பேசினேன். நீ கேட்டுக்கொண்டே வந்தாய். வீட்டுக்குப் போனால் ஒன்பது வயதுக் குழந்தை வாசலில் நின்று கேட்டிருக்கிறது, இன்றைக்காவது சொன்னாங்களா என்று. நீ என்ன பதில் சொன்னாய்? நாளைக்குச் சொல்லுவாங்க என்றா? மறுநாள் மறுபடி எனக்கு எப்படி இடம் பிடித்தாய்? ஒருநாளாவது என்னைத் திட்டியிருக்கக் கூடாதா? உங்கள் ஊர்ப் பேச்சில் வண்டி முழுக்கக் கேட்கிற மாதிரி நாலு கேட்டிருந்தால் எனக்கு ரோஷம் வந்திருக்கும். புத்தியும் வந்திருக்குமோ என்னவோ.

ஷீலா அழவில்லை. கோபமாக இருந்தாள், எனக்கு டீ கூடப் போடவில்லை. அவள் போடாதது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. நான் எழுந்தபோது, "ச்சோடோ ஆன்ட்டி, விட்டுடுங்க, அம்மாவும் இல்ல, அந்த மாமியும் இல்ல, இப்போ என்ன ஃபாய்தா?" என்றாள். நான் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவள் திடீரென்று சொன்னாள்: "என்கிட்ட வந்து சொன்னா போதாது. எங்க வெச்சு சொன்னீங்களோ அங்க வெச்சு சொல்லுங்க. அதே ஹால்ல. நான் வந்து உக்காருவேன்."

அவள் சொன்னதுதான் நியாயம்.

இணையத்தில் அந்தப் பக்கத்துக்குக் கீழே யார் வேண்டுமானாலும் குறிப்பு எழுதலாம். எழுதிவிட்டேன், தமிழிலும் ஆங்கிலத்திலும். இதன் பெயர் ரயில் பாதை, இது எஸ்தர் என்ற இடது கைக்காரியின் டிசைன், இடது கையால் போடுகிறவர்கள் எந்த வரியையும் மாற்ற வேண்டாம் என்று. அதைப் பார்த்து ஒரு பெண் எங்கிருந்தோ எழுதியிருக்கிறாள். அவளும் இடது கைதானாம். பின்னல் புத்தகங்களையெல்லாம் தலைகீழாக மாற்றி மாற்றியே அலுத்துப்போனவளாம். முதல்தடவையாக ஒரு டிசைன் தன் கைக்கு நேராக வந்தது என்று எழுதியிருக்கிறாள். படித்துவிட்டு உனக்கு உடனே சொல்லவேண்டும் போல இருந்தது. யாரிடம் சொல்வது என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விழா வருகிற சனிக்கிழமை. எனக்கு மேடையில் இடம் கிடையாது, மைக் தரமாட்டோம் என்று செயலாளர் நாசூக்காகச் சொல்லிவிட்டாள். விழா நேரத்தில் மனஸ்தாபம் எதற்கு என்று மகனை விட்டும் சொல்லிப் பார்த்தாள். மனஸ்தாபமாம். உனக்கு நடந்ததற்கு என்ன பேர் வைப்பாள்? மைக் வேண்டாம். லேடீஸ் பெட்டியில் கூட்டத்துக்கு நடுவில் தாதரில் இறங்க வழி கேட்டுக் கத்துகிறவர்களுக்கு யார் மைக் கொடுத்தார்கள்?

சொல்லப் போவது இவ்வளவுதான். எழுதி மனப்பாடம் செய்துவிட்டேன், இருந்தாலும் நீ ஒருமுறை கேட்டுவிடு.

"இந்தக் கார்டிகனை எஸ்தர் அக்கா தன் மனதிலிருந்து எடுத்து, தன் கையால், ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து பின்னினாள். நான் என் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு, இதே ஹாலில், அவள் மகளுக்கு முன்னால், காப்பியடித்ததாக ஒத்துக்கொள் என்று சொன்னேன். நான் சொன்னது பொய். ஷீலா, உன் அம்மா உன்னிடம் சொன்னதுதான் நிஜம்."

சனிக்கிழமை சொல்லிவிடுகிறேன், அக்கா. யார் எழுந்து போனாலும், யார் விளக்கை அணைத்தாலும், கடைசி வாக்கியம் வரை சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன். இது சத்தியம்.

பக்கத்திலேயே இருந்தும் வாய் திறக்காத உன் தங்கை,
விசாலம்
செம்பூர்